மஞ்சக்குப்பத்தில் 1978ஆம் ஆண்டு வீடு: எங்கள் விருப்பப்படி புதுப்பிப்பதா, நாளை வாங்குபவர் விருப்பப்படியா?

மஞ்சை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமனார் 1978ஆம் ஆண்டு கட்டிய தரைத்தள வீட்டில் நானும் என் கணவரும் வசித்து வருகிறோம். இருவருமே பணி ஓய்வு பெற்றுவிட்டோம். வீட்டின் மேல் கடன் இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை. ஓய்வுக்காலப் பலன்களில் ஒரு பகுதியைக் கொண்டு வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்து, மனத்தில் இருப்பதைக் குடும்பத்தாரிடம் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பின்பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறிய படுக்கையறைகளை ஒன்றாக்கி, தோட்டத்தையும் கிணற்றையும் பார்த்தபடி நீளமான ஓர் அறையாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அவர் வீணை வாசிக்கவும் நான் படிக்கவும் அந்த அறை. முன்புறம் பிற்காலத்தில் ஷீட் போட்டுச் சேர்த்த கார் நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டு, மாமனார் காலத்தில் இருந்ததைப் போலத் திண்ணை கட்ட வேண்டும். கூடத்தின் ரெட் ஆக்சைடு தரையை டைல்ஸ் போட்டு மூடாமல் சீர்செய்ய வேண்டும். சமையலறை வடகிழக்கு மூலையில் இருக்கிறது. காலை வெயில் நேராக மேடைமீது விழும் அந்த இடத்தை விட்டு அடுப்பை நகர்த்த எனக்கு மனமில்லை.

என் கொழுந்தனார் வீடு வாங்கி விற்பதில் அனுபவமுள்ளவர். மூன்று படுக்கையறை வீட்டை இரண்டாக்கினால் நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், ஈசானிய மூலையில் அடுப்பு இருந்தால் தரகர் படியேற மாட்டார், கார் நிறுத்த இடமில்லாத வீட்டுக்கு விலை படியாது என்கிறார். "போட்ட பணம் திரும்பி வருகிற மாதிரி செலவு செய்யுங்கள் அண்ணி" என்று அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் உங்களில் எவரேனும் இருந்திருந்தால், என்ன முடிவெடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். வடக்குச் சுவரில் ஓதம் ஏறி ஆண்டுதோறும் பூச்சு உதிர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெடிலக்கரை

அம்மா, பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டுத் தரும் வேலையைச் செய்து வருகிறேன். ஆகவே உங்கள் கொழுந்தனாரின் கவலையைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மதிப்பீட்டில் மனையும் கட்டடமும் தனித்தனியே கணக்கிடப்படும். மனைக்கு, பத்திரப்பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனைகளும் அடிப்படை. கட்டடத்துக்கு, அதே அளவில் இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவை எடுத்துக்கொண்டு, வயதுக்கு ஏற்றபடி தேய்மானத்தைக் கழிப்போம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 47 ஆண்டு ஆன வீட்டுக்கு ஏறத்தாழ 70 விழுக்காடு தேய்மானத்தில் போய்விடும். இன்றைய விலையில் 30 லட்சம் ரூபாய் ஆகக்கூடிய கட்டடம், தாளில் 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதில் படுக்கையறை இரண்டா மூன்றா என்பதால் ஏற்படும் வேறுபாடு, தெருவின் அகலமும் மனையின் முகப்பு நீளமும் ஏற்படுத்தும் வேறுபாட்டுக்கு அருகில்கூட வராது. மஞ்சக்குப்பத்திலும் புதுநகரிலும் இந்த வயதுடைய தனி வீட்டை வாங்க வருகிறவர் பெரும்பாலும் மண்ணை வாங்க வருகிறவர்தான். அவர் பத்திரம் முடிந்த பிறகு என்ன செய்வார் என்பதை நீங்களே உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள்.

எனவே விலைக்காகச் செலவு செய்வது, ஒரு பழைய தனி வீட்டைப் பொறுத்தவரை, யாருக்காக என்றே தெரியாத ஒருவருக்குச் செலவு செய்வதாகும். இது மதிப்பீட்டாளன் என்ற முறையில் என் கருத்து.

ஆனால் விருப்பப்படி செய்யுங்கள் என்று சொல்வதற்கு முன் நான் கேட்க வேண்டியவை சில உண்டு. இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா? அந்தக் காலத்து வீடுகளில் தூண் கிடையாது. தளத்தின் பாரத்தைச் சுவரே தாங்கும். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால், மேலே இரும்பு அல்லது கான்கிரீட் விட்டம் கொடுத்து, அதன் இரு முனைகளும் அமரும் இடத்தில் சுவர் தாங்குமா என்று பார்த்த பிறகே இடிக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பாகத்தான் இருக்கும், என்றாலும் தளம் காலப்போக்கில் தொய்ந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம். கொத்தனார் "எடுத்துவிடலாம் சார்" என்று சொன்னால் மட்டும் போதாது, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது தளத்தின் அடிப்பக்கம். ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மாறி, பொள்ளலான ஒலி எங்கே கேட்கிறதோ அங்கே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிரித்துவிட்டது என்று பொருள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழே இருக்கும் பூச்சும் கான்கிரீட்டும் வெடித்து விழும். கடற்கரையோரக் கட்டடங்களில் உப்புக்காற்று நேராகப் படும் இடங்களுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு வேண்டும் என்று கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. 1970களில் கட்டிய வீடுகளில் அதில் பாதி இருந்தாலே பெரிது. அதோடு உவர்ப்பான கிணற்று நீரிலோ சரியாகக் கழுவாத கடல் மணலிலோ கலவை போட்டிருந்தால், வெளியிலிருந்து வர வேண்டிய உப்பு உள்ளேயே இருக்கும்.

மஞ்சை ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. நடுச்சுவர் பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குலம் இருக்கிறது, ஆகவே நாலரை அங்குலச் சுவர்தான் என்று நினைக்கிறேன். சுத்தியலால் தட்டிப் பார்த்ததில், குளியலறைக்கு மேலேயும் பின்வாசல் சன்ஷேடிலும் மட்டும் ஒலி மாறுகிறது.

கெடிலக்கரை

இந்த வயது வீட்டுக்கு அது நல்ல செய்தி. அந்த இடங்களில் மேலே ஒரு பூச்சுப் பூசி மறைத்துவிடச் சொல்லாதீர்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். சன்ஷேடு பெரும்பாலும் முழுவதுமாகப் போயிருக்கும். உடைத்துப் புதிதாகப் போடுவது நல்லது.

பாதிரிப்புலியூர் கணக்கர்

மதிப்பீட்டாளர் ஐயாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எடுக்கும் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. விற்கும் எண்ணம் இல்லை என்று அறுபது வயதில் சொல்வதும், எழுபத்தைந்து வயதில் மருத்துவச் செலவுக்காகவோ, பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போவதற்காகவோ விற்க வேண்டிவருவதும் ஒரே குடும்பத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள்தாம். என்னிடம் வருகிற கோப்புகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மண்ணின் விலைதான் விலை என்றால், வீட்டில் போடும் ஒவ்வொரு ரூபாயும் திரும்பாத பணம் என்றாகிறது. அப்படியானால் விருப்பத்துக்குச் செலவு செய்வதற்கான வாதம் அதில் எங்கே இருக்கிறது? குறைவாகச் செலவு செய்ய வேண்டும் என்ற வாதம்தானே அதிலிருந்து கிடைக்கிறது?

கேட்டவருக்குப் பயன்படும் சில வரி விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். பழுதுபார்ப்புக்கு வங்கிக் கடன் வாங்கினால், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு கிடைக்கும், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டுமே. கையில் பணம் இருப்பவர் வரிக்கழிவை எண்ணிக் கடன் வாங்குவது வீண். நாளை விற்றால், வீட்டின் மதிப்பை நிலையாகக் கூட்டும் பணிகளின் செலவை, அதாவது ஓர் அறை சேர்த்தது, தளம் மாற்றியது போன்றவற்றை, அடக்க விலையுடன் சேர்த்துக்கொள்ளலாம். பெயிண்ட் அடித்ததையும் குழாய் மாற்றியதையும் பொதுவாகச் சேர்க்க முடியாது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல், அதாவது விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்க விலையைக் கூட்டிக்கொள்வது, இல்லாமல் 12.5 விழுக்காடு வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு மட்டும், உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்கள், சரிக்கட்டலோடு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரல் 1க்கு முன் கிடைத்த சொத்துக்கு அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஆகையால் மேஸ்திரிக்குக் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுத்து, ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

தொலைவில் ஒரு மகன்

கணக்கர் ஐயா கேட்ட கேள்விக்கு என் வீட்டு அனுபவமே ஒரு பதிலாக இருக்கலாம். கடலூர் பழைய நகரில் என் பெற்றோரின் வீட்டில், வருகிறவர்கள் பார்த்தவுடன் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே எல்லாம் செய்தார்கள். கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங், படிக்கட்டுக்குக் கிரானைட், வாஸ்துப்படி இடம் மாறிய சமையலறை, அதனால் இருட்டான ஒரு சாப்பாட்டு அறை. அம்மா அந்தப் புதுச் சமையலறையில் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தார். அப்பாவின் மறைவுக்குப் பிறகு அம்மாவை என்னோடு பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு வீட்டை விற்றோம். வாங்கியவர் சீலிங்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. டேப் பிடித்து மனையை அளந்தார், வில்லங்கச் சான்றைப் பார்த்தார், அட்வான்ஸ் கொடுத்தார். பத்திரம் பதிந்த பிறகு ஜேசிபி வந்தது. தேக்கு நிலைகளும் கதவுகளும் மட்டும் பழைய மரக்கடைக்குப் போனதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

பணம் திரும்பவில்லை என்பது எங்களுக்கு வருத்தமில்லை. அந்தப் பணத்தை அம்மாவுக்குப் பிடித்தபடி செலவு செய்திருந்தாலும் இதே விலைக்குத்தான் வீடு போயிருக்கும். ஆகவே, விற்கவே மாட்டோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஒருநாள் விற்கக்கூடும் என்று நினைப்பவர்களுக்கும் இந்த வாதம் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பாதிரிப்புலியூர் கணக்கர்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பாதியளவே. செலவின் உச்சவரம்பு வேறு, செலவின் திசை வேறு. திசையை அவர்கள் விருப்பத்துக்கு விடலாம். வரம்பை மட்டும் முதலில் தனியாக முடிவு செய்துகொள்ள வேண்டும்: மருத்துவக் காப்பீட்டுக்கு மேல் ஆகக்கூடிய செலவுக்கும், சில ஆண்டுக் குடும்பச் செலவுக்கும் வைப்பு நிதியில் ஒதுக்கியது போக மிஞ்சுவதில்தான் திண்ணை.

லாஸ்பேட்டை நான்காம் மாடி

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பேசப்படுவது அனைத்தும் தனி வீட்டுக்குத்தான் பொருந்தும். அடுக்ககத்தில் மனையில் நமக்கிருப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. வாங்க வருகிறவர் உள்ளே வந்து சமையலறையையும் குளியலறையையும் பார்த்துத்தான் விலை பேசுவார். எங்கள் அடுக்ககத்தில் ஒரே அளவுள்ள வீடுகளுக்குள் உள்வேலையை வைத்தே விலை மாறுவதைப் பார்க்கிறேன். தவிர, சுவரை எடுப்பதற்கும், பால்கனியை அடைப்பதற்கும், குளியலறைத் தரையை உடைப்பதற்கும் சங்கத்தின் ஒப்புதலும் கீழ்வீட்டாரின் பொறுமையும் தேவை. அடுக்ககக்காரர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு உற்சாகத்தில் சுத்தியலைத் தூக்கிவிட வேண்டாம்.

முத்தியால்பேட்டைப் பேரன்

தாத்தா காலத்துத் தமிழ் வீடு ஒன்றை முத்தியால்பேட்டையில் வைத்துக்கொண்டிருப்பவன் என்பதால் ஓதத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அம்மாவின் வடக்குச் சுவருக்கு அது பயன்படும்.

மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறுவது இயல்பு. அது மூன்று, நான்கு அடி உயரம் ஏறி, சுவரின் மேற்பரப்பு வழியாக ஆவியாகிப் போக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசி, பட்டி வைத்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல், கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படிகமாக விட்டுவிட்டு இன்னும் மேலே ஏறும். உப்பு பருத்துப் பூச்சைத் தள்ளும். பொரிப்பொரியாகக் கிளம்பி, கை வைத்தால் மாவாக உதிரும். ஆண்டுதோறும் அதே இடத்தில் இன்னும் கெட்டியான சிமென்டைப் பூசுவதால், ஓதம் அடுத்த ஆண்டு ஓர் அடி மேலே போய்த் தலைகாட்டுகிறது. கடைக்காரர்கள் விற்கும் நீர்த்தடுப்புப் பெயிண்டை உள்பக்கம் அடிப்பதும் இதே விளைவைத்தான் தரும்.

எங்கள் வீட்டில் நெஞ்சளவு உயரத்துக்குச் சிமென்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் இணைப்புகளை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, ஒரு கோடைகாலம் முழுவதும் சுவரை அப்படியே காயவிட்டோம். பார்க்கிறவர்கள் வீடு பாதியில் நின்றுபோய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு, வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே ஊறிய நீற்றுச் சுண்ணாம்பில் மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை விட்டு அரைத்த கலவையால் பூசினோம். அந்தக் கலவையைக் கரண்டியில் எடுத்துத் திருப்பிப் பிடித்தால் வெண்ணெயைப் போல ஒட்டிக்கொண்டு நிற்கும்; நிற்காவிட்டால் வயதான கொத்தனார் பூச மறுத்துவிடுவார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும் என்பதால் அவசரப்படுத்த முடியாது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் காயாமல் காத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான், பட்டியோ எமல்ஷனோ கிடையாது. இந்த வேலைக்குத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

எங்கள் வீடு சுண்ணாம்பில் கட்டியது. 1978ஆம் ஆண்டு வீடு சிமென்டுக் கலவையில் கட்டியதாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் உள்பூச்சை மட்டும் சுண்ணாம்பில் செய்வதில் தடையில்லை. முதலில் வடக்குச் சுவரின் வெளிப்புறத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்துத் தரை மட்டம் உயர்ந்து, மழைநீர் சுவரடியில் தேங்குகிறதா, மொட்டைமாடிக் குழாய் அங்கேதான் இறங்குகிறதா என்பதைச் சரிசெய்யாமல் சுவரைத் தொடுவதில் பயனில்லை.

புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியில் பெரிய எடுத்துக்காட்டே உண்டு. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது பழைய தோற்றத்தில் மீண்டும் கட்டியது.

மஞ்சை ஆசிரியை

முத்தியால்பேட்டைத் தம்பிக்கு நன்றி. நீங்கள் சொன்னபடியே மொட்டைமாடிக் குழாய் அந்தச் சுவரடியில்தான் இறங்குகிறது. தெருவைப் பலமுறை உயர்த்திப் போட்டதில் எங்கள் வாசலும் தாழ்ந்துவிட்டது.

காற்றைப் பற்றியும் ஒரு கேள்வி. புதிய நீளமான அறைக்கு ஏசி வைக்காமல் சமாளிக்க முடியுமா?

முத்தியால்பேட்டைப் பேரன்

புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது ஒருமுறை பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1930களில் தொடங்கிய கட்டடம் அது. இந்தியாவின் தொடக்ககால வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அறைகளின் வெளிப்புறம் முழுவதும் கண்ணாடிச் சன்னலுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். வெயிலையும் சாரலையும் தடுத்துக்கொண்டே காற்றை மட்டும் உள்ளே விடும். அதே தத்துவத்தை மரப்பலகைக் கதவில் நம் ஆசாரி எளிதாகச் செய்துவிடுவார். கடலூரில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். உங்கள் நீண்ட அறைக்குக் கிழக்கில் ஒரு திறப்பும் எதிர்ச்சுவரில் உயரமாக இன்னொரு திறப்பும் இருந்தால் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் சன்னல் இருந்தால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயன் குறைவு.

கெடிலக்கரை

அதோடு, வெப்பத்தில் பெரும்பகுதி தளத்திலிருந்து இறங்குவது. மொட்டைமாடியில் பழைய தட்டோடு பெயர்ந்திருந்தால் அதை முதலில் சரிசெய்து, வாட்டம் சரியாக விட்டு, மேலே வெள்ளைப்பூச்சு அடித்தால் மாலையில் அறைக்குள் தெரியும் வேறுபாட்டுக்கு ஆகும் செலவு, ஏசிக்கு ஆவதில் சிறு பங்குதான். தளத்தின்மேல் இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போடும் யோசனையை யாராவது சொன்னால், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் இந்த ஊரில் பறந்த ஷீட்டுகளை நினைவூட்டுங்கள். உங்கள் முன்புற ஷீட்டையும் அதே காரணத்துக்காக எடுப்பதை வரவேற்கிறேன்.

மின்சாரத்தை யாருமே பேசவில்லையே. சுவரை உடைக்கும் இந்த வேளையில் வயரிங் முழுவதையும் மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் எர்த் வயரே இல்லாத பிளக் பாயின்டுகள் உண்டு. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

வில்லியனூர் வீட்டுக்காரி

சமையலறை பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டுப் போட்ட மாடுலர் கிச்சனின் கீழ்ப்பெட்டிகள் பார்ட்டிக்கிள் போர்டால் ஆனவை. தண்ணீர் வடிந்ததும் அவை அப்பளம் போல உப்பிக் கிளம்பி, கதவுகள் கீலோடு கழன்று விழுந்தன. பக்கத்து வீட்டில் மாமியார் காலத்துக் கடப்பைக் கல் தட்டுகளைக் கழுவிவிட்டு மறுநாளே அடுக்கிக்கொண்டார்கள். இப்போது எங்கள் வீட்டிலும் மேடைக்குக் கீழே கடப்பைக் கல் தட்டுகளும் அலுமினியச் சட்டக் கதவுகளும்தான். வருகிறவர்கள் "ஏன் பழைய பாணி" என்று கேட்கிறார்கள். எனக்குச் சமைக்க இதுவே வசதி. பெரிய குண்டானை இழுப்பறையில் வைக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஈசானிய மூலை அடுப்பு பற்றி: என் நாத்தனார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. வெயில் வருகிற சமையலறையில் ஈரம் தங்காது, கரப்பான் குறைவு. நம்பிக்கை உள்ளவர்களை நான் குறைசொல்லவில்லை. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாதபோது, வாங்கப்போகிறவருக்கு இருக்கும் என்று ஊகித்து இருட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பாதிரிப்புலியூர் கணக்கர்

விருப்பத்துக்காகச் செய்வது என்று சொன்னதும் நான் அலங்காரத்தைத்தான் நினைத்தேன். இங்கே பட்டியலிடப்படுவதோ ஓதம், துரு, வயரிங், காற்று. இவற்றில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. எஞ்சியிருப்பது படுக்கையறை ஒன்றுதான். சுவர் நாலரை அங்குலத் தடுப்பு என்றால் அதை எடுப்பதிலும், நாளை வேண்டுமென்றால் திரும்ப எழுப்புவதிலும் பெரிய செலவில்லை. இரண்டு அறைகளுக்கும் இப்போதிருக்கும் இரண்டு கதவு நிலைகளையும் அப்படியே விட்டுவைத்து, இரண்டு பக்கமும் தனித்தனி விளக்கு ஸ்விட்ச் வைத்தால், ஒரு வாரத்தில் மீண்டும் மூன்று படுக்கையறை வீடாகிவிடும். உங்கள் கொழுந்தனாரிடம் இதைச் சொன்னால் அமைதியாவார்.

கெடிலக்கரை

நல்ல யோசனை. நானும் ஒன்று சேர்க்கிறேன். வேலை நடக்கும்போதே குளியலறைக் கதவை மூன்று அடி அகலமாக்குங்கள், தரையை வழுக்காத கல்லாக மாற்றுங்கள், கைப்பிடிக் குழாய் பொருத்தச் சுவரில் இடம் விடுங்கள். திண்ணையின் உயரத்தைப் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தாழ்வான திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

மஞ்சை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டார். நடுச்சுவர் தடுப்புச் சுவர்தான் என்றும், ஆனாலும் எடுக்கும்போது தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மேல் வரியிலிருந்து கீழாகக் கையால் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் மொட்டைமாடி, பிறகு வடக்குச் சுவரின் வடிகாலும் பூச்சும், வயரிங், அதன்பின் நீண்ட அறை, கடைசியில் திண்ணை என்று வரிசை வைத்திருக்கிறோம். கணக்கர் ஐயா சொன்ன வரம்பைத் தனி வைப்பாகப் போட்டுவிட்டோம். கதவு நிலைகளை விட்டுவைக்கும் யோசனையைக் கேட்ட கொழுந்தனார், "அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டு, கார் எங்கே நிற்கும் என்ற அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர்தான்.

ரெட் ஆக்சைடு தரை ஒன்று மட்டும் பாக்கி. கூடத்தின் நடுவில் நீளமாக ஒரு விரிசல், ஓரத்தில் கைக்குட்டை அளவுக்குப் பெயர்ந்த இடம். அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியுமா?

முத்தியால்பேட்டைப் பேரன்

ஒட்டுப்போட்டால் நிறம் கட்டாயம் வேறுபடும். ஐம்பது ஆண்டு நடந்து பளபளத்த சிவப்பைப் புதுக்கலவையில் யாராலும் கொண்டுவர முடியாது. மறைக்க முயலாமல், பெயர்ந்த பகுதியை நேர்க்கோட்டில் சதுரமாக வெட்டி எடுத்து, சுற்றிலும் ஒரு கருப்பு ஆக்சைடுக் கரை கொடுத்துவிடுங்கள், கோலக்கட்டம் போல அழகாக இருக்கும். நீள விரிசல் அடித்தளம் அமர்ந்ததால் வந்ததாக இருக்கும். இனி அசையவில்லை என்று தெரிந்தால் அதே நிறச் சிமென்டுக் குழம்பை இழைத்துவிட்டுப் போதுமென்று இருக்கலாம். கூடம் முழுவதையும் புதிதாகப் போடுவதென்றால், ஒரே பரப்பாகப் போடாமல் கட்டம் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நிறுத்தாமல் ஒரே நாளில் தேய்த்து முடிக்க வேண்டும், பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் கட்ட வேண்டும். காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் நிறம் ஏறும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது மிகக் குறைவு. ஆகவே ஆளைப் பார்ப்பதற்கு முன், அவர் போட்ட தரை ஒன்றைப் பாருங்கள், அதுவும் போட்டு ஒரு கோடையாவது கடந்த தரையாக இருக்கட்டும்.